பவர் கார்டை மாற்றினால் பாட்டு மாறுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பவர் கார்டு, அதாவது சாதனத்தைச் சுவர் பிளக்கோடு இணைக்கும் ஒயர். கட்டைவிரல் பருமன், மேலே பின்னல் உறை, இரண்டு முனையிலும் கனமான பிளக். "ஒரு வாரம் வச்சுக் கேளுங்க, அப்புறம் சொல்லுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலையே ஆம்ப்ளிஃபயரோடு வந்த சாதாரண கார்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். நான் பல வருடமாகக் கேட்டுவரும் ஒரு வயலின் கச்சேரியைப் போட்டேன். வில் தந்தியில் உரசுவது முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. தம்பூராவின் ரீங்காரம் தனியாகப் பிரிந்து பின்னால் நின்றது. கேட்டேன், சந்தேகமே இல்லை.

பத்து நாள் கழித்துத் தங்கை வந்திருந்தாள். இரண்டு கார்டையும் அவளிடம் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் பழையது, தலை விழுந்தால் புதியது என்று மாட்டச் சொன்னேன். மாட்டியது எது என்று அவள் சொல்லக் கூடாது. நான் அடுத்த அறையிலிருந்து வந்து, அதே கச்சேரியின் அதே இரண்டு நிமிடத்தைக் கேட்டுவிட்டு, எந்தக் கார்டு என்று தாளில் எழுதினேன். பத்து முறை செய்தோம். ஐந்து சரி, ஐந்து தப்பு.

முதல் நாள் நான் கேட்டது பொய்யில்லை. அந்தத் தெளிவை அனுபவித்தது நிஜம். ஆனால் அந்தத் தெளிவு கார்டிலிருந்து வந்ததா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், இப்படிப்பட்ட பொருள்கள் ஒலியை மாற்றுமா என்று ஸ்டீரியோ உலகத்தில் நாற்பது வருடத்துக்கும் மேலாக நடக்கும் ஒரு சண்டையின் பாதி விளங்கிவிடும்.

முதலில் புதிதாக வருபவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஸ்டீரியோ என்பது ஒரு சங்கிலி. பாட்டு எங்கிருந்து வருகிறதோ அது முதல் கண்ணி: சி.டி. பிளேயர், இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள், கம்ப்யூட்டர், எதுவானாலும் சரி. அது தரும் சின்ன மின்சமிக்ஞையை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்குகிறது. ஸ்பீக்கர் அதைக் காற்றின் அசைவாக மாற்றுகிறது. கடைசியில் அறை. சுவர், தரை, கூரை மூன்றும் அந்த ஒலியைத் திருப்பியடித்து நம் காதுக்கு அனுப்புகின்றன. இவை போக மிச்சமெல்லாம் துணைப்பொருள்கள்: கேபிள், பவர் கார்டு, ஃப்யூஸ், ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் வைக்கும் கூம்பு, கேபிளைத் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் தாங்கி, சுவரில் ஒட்டும் வில்லை, இப்படி நூற்றுக்கணக்கில்.

ஆடியோஃபைல் என்று சொல்லப்படும் தீவிர ரசிகர்கள் இவற்றுக்குச் செலவழிப்பதைக் கேட்டால் தலை சுற்றும். அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. இசையை உட்கார்ந்து கவனித்துக் கேட்கும் ஆட்கள் இன்று குறைவு. அவர்களில் பெரும்பாலானவர்கள் உண்மையான அக்கறையோடுதான் தேடுகிறார்கள். அவர்கள் தேடுவது கிடைக்கிறதா என்பதுதான் பிரச்சினை.

இந்தச் சந்தை வளர்ந்த கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். 1970கள் வரை ஸ்பீக்கருக்கு மேசைவிளக்குக்குப் போடும் சாதா ஒயரையே பெரும்பாலும் இழுத்தார்கள். அமெரிக்காவில் நோயல் லீ என்ற பொறியாளர் 1979இல் மான்ஸ்டர் கேபிள் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஸ்பீக்கர் கேபிள் தனியாக விலை வைத்து விற்கும் பொருளாகிவிட்டது. 1980களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து பீட்டர் பெல்ட் இன்னும் ஒரு படி போனார். வண்ணப் பட்டைக் காகிதத்தைச் சாதனங்களில் ஒட்டுவது, கேபிளில் முடிச்சுப் போடுவது, சி.டி.யை ஃப்ரீசரில் வைத்து எடுப்பது என்று அவர் சொன்ன வழிகள் எதுவும் ஸ்டீரியோவின் மின்சுற்றைத் தொடவே இல்லை. 1990 வாக்கில் அமெரிக்காவில் டைஸ் கடிகாரம் என்று ஒன்று வந்தது. பார்ப்பதற்குச் சாதாரண டிஜிட்டல் அலாரம் கடிகாரம்தான். சுவர் பிளக்கில் சொருகினால் அந்த வீட்டு ஸ்டீரியோ நன்றாக ஒலிக்கும் என்றார்கள். ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடைந்த ம்பிங்கோ வில்லைகளைச் சாதனங்களின் மேல் வைக்கும் பழக்கமும் வந்தது. இவை எல்லாவற்றையும் வாங்கிப் பயன்படுத்தி, நேர்மையாக, "கேட்குது" என்று சொன்ன மனிதர்கள் இருந்தார்கள்.

அதே காலத்தில் பரவிய பச்சைப் பேனாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சி.டி.யின் ஓரத்தில் பச்சை மை தடவினால், உள்ளே சிதறும் லேசர் ஒளியை மை உறிஞ்சிக்கொள்ளும், ஒலி தெளிவாகும் என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சி.டி.யைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் மை அகச்சிவப்பை உறிஞ்சும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதைவிட முக்கியமான விஷயம், சி.டி.யில் இருப்பது எண்கள். நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட், அதாவது பதினாறு 0 அல்லது 1. கீறல் பட்டு சில எண்கள் போனாலும் கணக்குப் போட்டு மீட்டெடுக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. ஆகவே காதே இல்லாமல் இதைச் சோதிக்கலாம். மை தடவுவதற்கு முன் ஒரு முறை, தடவிய பின் ஒரு முறை சி.டி.யைக் கம்ப்யூட்டரில் நகலெடுத்து, இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் போதும். ஒரு பிட் கூட மாறவில்லை என்றால் பேனா எண்களைத் திருத்தவில்லை. இன்று "இசைக்கென்றே" செய்ததாக விற்கும் நெட்வொர்க் கேபிள், ஹார்ட் டிஸ்க் போன்றவற்றையும் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: போய்ச் சேரும் எண்கள் மாறினவா?

சரி, கேபிள் விஷயத்துக்கு வருவோம். இங்கே இயற்பியல் இரண்டு பக்கமும் பேசும்.

ஸ்பீக்கர் ஒயருக்கு மின்தடை உண்டு. ஐந்து மீட்டர் தூரம் என்றால் போக, வர பத்து மீட்டர் செம்பு. நம் எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் 2.5 ஸ்கொயர் ஒயர் என்றால் மொத்தத் தடை சுமார் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இதனால் ஏற்படும் இழப்பு ஒரு டெசிபலில் (ஒலியளவைச் சொல்லும் அலகு) பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்தக் காதுக்கும் தெரியாது. அதே தூரத்துக்கு மெல்லிய 0.5 ஸ்கொயர் ஒயர் போட்டு, 4 ஓம் ஸ்பீக்கரையும் மாட்டினால் இழப்பு 0.7 டெசிபலுக்கு வரும். ஸ்பீக்கரின் தடை எல்லா சுருதிக்கும் ஒன்றாக இருக்காது, ஏறி இறங்கும். அதனால் இந்த இழப்பும் சில சுருதிகளில் கூடும், சிலவற்றில் குறையும். கவனித்துக் கேட்பவருக்கு அது தெரியலாம். ஆக, "கேபிள் எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்வதும் தவறு. போதுமான பருமன் வேண்டும். அந்தப் பருமனை எலக்ட்ரிக்கல் கடையிலேயே வாங்கலாம்.

1983இல் ஸ்டீரியோ ரிவ்யூ என்ற அமெரிக்கப் பத்திரிகை இதைக் கேட்டுப் பார்க்க வைத்தது. மிக மெல்லிய 24 கேஜ் ஒயரைக் கேட்டவர்கள் அடையாளம் கண்டார்கள். ஆனால் பருமனான சாதா விளக்கு ஒயரையும் பேர் பெற்ற கேபிளையும் இசையில் வைத்து அவர்களால் நம்பகமாகப் பிரிக்க முடியவில்லை. மேலே போட்ட கணக்கும் இதைத்தான் சொல்கிறது.

பவர் கார்டு இன்னும் கஷ்டமான வழக்கு. ஆம்ப்ளிஃபயருக்குள் போகும் 230 வோல்ட் மின்சாரம் அப்படியே ஸ்பீக்கருக்குப் போவதில்லை. டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி, நேர்மின்சாரமாக மாறி, பெரிய கெபாசிட்டர்களில் தேங்கி, அங்கிருந்துதான் இசைச் சுற்றுக்குப் போகிறது. தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீட்டுச் சுவர் வரை சாதாரண ஒயரில் வந்த மின்சாரத்துக்குக் கடைசி ஒன்றரை மீட்டர் என்ன செய்ய முடியும் என்று விளக்கும் பொறுப்பு விற்பவருடையது. ஃப்யூஸில் அம்புக்குறி போட்டு "இந்தத் திசையில்தான் மாட்ட வேண்டும்" என்பதும் இப்படித்தான். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நொடிக்கு நூறு முறை அது திசை மாறுகிறது. அதற்கு முன், பின் என்று ஒன்று கிடையாது. சில இணைப்புக் கேபிள்களில் உள்ள அம்புக்குறிக்கு மட்டும் நியாயமான காரணம் இருக்கலாம்: மேலுறைக் கவசத்தை எந்த முனையில் இணைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுவதற்காக.

ஆனால் வோல்டேஜ் ஏறி இறங்கும் வீட்டில் ஸ்டெபிலைசரோ, எர்த் சரியில்லாமல் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் வரும் வீட்டில் எலக்ட்ரீஷியனோ வீண் செலவில்லை. அந்த இரைச்சல் எல்லோருக்கும் கேட்கும், மீட்டரிலும் தெரியும், சரிசெய்தால் நிற்கும்.

இனி காது. அதாவது காதும் மூளையும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒருவர் "க" என்று வாயசைக்கும் படத்தோடு "ப" என்ற ஒலியைச் சேர்த்துப் போட்டால், பார்ப்பவர்களில் பலருக்கு "த" போன்ற மூன்றாவது ஒலி கேட்கிறது. கண்ணை மூடினால் "ப" திரும்பி வந்துவிடும். விஷயம் தெரிந்த பிறகும் இது மாறுவதில்லை. கண் சொல்வதையும் சேர்த்துத்தான் மூளை ஒலியைத் தயாரிக்கிறது. அப்படியிருக்க, கட்டைவிரல் பருமனில் ஒரு பவர் கார்டைப் பார்த்துவிட்டு, அதன் விலையையும் தெரிந்துகொண்டு கேட்கும்போது அந்தத் தகவலை மட்டும் மூளை தள்ளிவைத்துவிடுமா?

ஸ்பீக்கர் ஆராய்ச்சியில் பெரிய பெயர்களான ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994இல் இதை நேரடியாகப் பார்த்தார்கள். ஹார்மன் நிறுவனத்து ஊழியர்கள் நாற்பது பேர். நான்கு ஸ்பீக்கர்கள், அதில் மூன்று பெரியவை, அழகானவை, ஒன்று பிளாஸ்டிக்கில் செய்த சின்ன மலிவு ரகம். திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது ஒரு மதிப்பெண். திரையை விலக்கிப் பார்த்துக் கேட்டபோது பெரிய ஸ்பீக்கர்களின் மதிப்பெண் ஏறியது, சின்னதன் மதிப்பெண் இறங்கியது. அதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொன்று. ஸ்பீக்கரை அறையில் வேறு இடத்துக்கு நகர்த்தினால் ஒலி நிஜமாகவே மாறும். திரை இருந்தபோது அந்த மாற்றத்தைக் கவனித்தவர்கள், பார்த்துக் கேட்டபோது அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. கண்ணால் பார்த்தது இல்லாத வித்தியாசத்தைச் சேர்த்ததோடு நிற்கவில்லை, இருந்த வித்தியாசத்தையும் மூடியது. அவர்கள் எல்லோரும் ஆடியோ நிறுவனத்தில் வேலை செய்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னும் சில காரணங்கள் இருக்கின்றன, எல்லாம் சாதாரணமானவை. ஒரே பாட்டை இரண்டாம் முறை கேட்கும்போது முதல் முறை கவனிக்காத மிருதங்கத்தின் நடை ஒன்று காதில் விழும். கவனம் நகர்ந்ததால் வந்தது அது. ஒலியின் நுணுக்கத்தை நம் நினைவு சில நொடிகள்தான் துல்லியமாக வைத்திருக்கும், அதற்குமேல் மங்கிவிடும். கேபிளைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிடம் ஆனால், நாம் ஒப்பிடுவது ஒலியை அல்ல, ஒலியைப் பற்றிய அபிப்பிராயத்தை. எழுந்து போய்த் திரும்பி வந்து உட்காரும்போது தலை கொஞ்சம் தள்ளியிருக்கும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியோடு அது கலக்கும் அறையில், தலை நான்கு விரற்கடை நகர்ந்தாலே மேல்சுருதிகள் மாறும். ஆக சில நேரம் வித்தியாசம் உண்மையிலேயே காதுக்கு வந்து சேர்ந்திருக்கும், காரணம் மட்டும் வேறு.

எதிர்ப்பக்கம் சொல்வதையும் மரியாதையோடு கேட்க வேண்டும். "மீட்டர் எல்லாத்தையும் அளக்காது" என்பது அவர்களின் முதல் வாதம். வரலாற்றில் இதற்கு இடம் இருக்கிறது. 1960களில் வந்த முதல் தலைமுறை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் காகிதத்தில் நல்ல எண்களைக் காட்டின, கேட்டவர்களோ கரகரப்பாக இருக்கிறது என்றார்கள். காதுதான் சரி என்று ஆனது. முழுச் சக்தியில் அளந்தபோது சிறிதாகத் தெரிந்த ஒருவகைச் சிதைவு, மெல்லிய ஒலியில் பெரிதாக இருந்தது. ஆனால் அந்த வித்தியாசத்தைப் பெயர் தெரியாமலும் காது பிடித்தது, தேடியபோது மீட்டரிலும் அகப்பட்டது. அதே வாய்ப்பைக் கடிகாரத்துக்கும் கருமர வில்லைக்கும் கொடுக்கலாம். பெயரை மறைத்து வைத்தால் கேட்கிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது வாதம், மறைத்து வைத்துக் கேட்பது பதற்றத்தைத் தரும், அவசரத்தில் நுணுக்கம் பிடிபடாது என்பது. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறைத்துக் கேட்க அவசரம் தேவையில்லை. வீட்டில் ஒருவர் வாரத்துக்கு ஒரு முறை காசைச் சுண்டி மாற்றி வைக்கட்டும், நாம் வாரம் முழுக்கச் சாவகாசமாகக் கேட்டுவிட்டு எழுதி வைக்கலாம். ஸ்டீரியோஃபைல் பத்திரிகையை 1962இல் தொடங்கிய ஜே. கார்டன் ஹோல்ட், சாதனத்தைக் காதால் கேட்டு மதிப்பிடும் விமர்சன முறைக்கே வழிபோட்டவர். உயர்ரக ஆடியோ உலகம் மறைத்துக் கேட்கும் சோதனையை ஒதுக்கியதால்தான் நம்பகத்தன்மையை இழந்தது என்று கடைசிக் காலத்தில் அவரே வருத்தப்பட்டார். 2007இல் மேஜிக் வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரண கேபிளிலிருந்து மறைவில் பிரித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தார். பேச்சு நடந்தது, சோதனை நடக்கவில்லை. நடந்திருந்தால் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் நமக்கு லாபமாக இருந்திருக்கும்.

வீட்டில் செய்ய விரும்புபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாற்றுபவர் காசைச் சுண்டித் தீர்மானிக்கட்டும், இல்லையென்றால் அவரே தெரியாமல் ஒரு வரிசையை உண்டாக்கிவிடுவார். நீங்கள் வந்து உட்காரும்போது அவர் அறையில் இல்லாமலிருப்பது நல்லது. முகம் காட்டிக் கொடுத்துவிடும். ஒப்பிடுவது இரண்டு ஆம்ப்ளிஃபயர் அல்லது இரண்டு பிளேயர் என்றால், வால்யூமை மீட்டர் வைத்துச் சமப்படுத்தாமல் ஆரம்பிக்கவே கூடாது. அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பது நமக்குச் சத்தமாகத் தெரியாது, "நல்லதாக" தெரியும். ஸ்பீக்கர் முனையில் வோல்டேஜை அளந்து, ஒரு சதவீதத்துக்குள் ஒன்றாக்கினால் போதும்.

எத்தனை சரியாக வந்தால் நம்பலாம்? பத்துக்கு ஏழு என்றால் பெரிதாகத் தோன்றும், ஆனால் கண்ணை மூடி யூகித்தாலும் ஆறில் ஒருவருக்கு ஏழோ அதற்கு மேலோ வந்துவிடும். பத்துக்கு ஒன்பது என்றால் கதை வேறு, வெறும் யூகத்தில் அந்த அளவு வர நூற்றில் ஒரு வாய்ப்புத்தான். பதினாறு முறை செய்து பன்னிரண்டு சரியாக வந்தால், அதிர்ஷ்டத்தில் அப்படி வரும் வாய்ப்பு நான்கு சதவீதம். அப்போது இன்னொரு நாள் திரும்பச் செய்து பாருங்கள். மறுபடி வந்தால் ஏதோ இருக்கிறது, காரணத்தைத் தேடலாம். வராவிட்டால் அந்தக் கேபிளால் உலகத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று நிரூபணம் ஆகிவிடாது. உங்கள் வீட்டில், உங்கள் காதுக்கு, அந்தக் காசுக்குத் தகுந்த வித்தியாசம் தெரியவில்லை. வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதும்.

கையில் பணம் இருந்து எங்கே செலவழிப்பது என்று கேட்டால், முதலில் செலவே வேண்டாம் என்பேன். ஸ்பீக்கரை நகர்த்துங்கள். நாலு மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி அடைபட்டுப் பெருகும். சில இடத்தில் உட்கார்ந்தால் பாஸ் குமுறும், ஒரு மீட்டர் தள்ளினால் காணாமலே போகும். மூலையை விட்டு ஸ்பீக்கரை ஒரு முழம் வெளியே இழுத்தால் வரும் மாற்றத்தைத் திரை போட்டு மறைத்தாலும் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வெறும் சுவரும் மொசைக் தரையுமாக இருக்கும் நம் வீடுகளில் ஒரு கனமான ஜமக்காளம், பக்கச் சுவரில் புத்தக அலமாரி, இவை செய்யும் வேலை பெரிது. டர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டைலஸ் என்ற ஊசியைத் துடைக்கும் தூரிகை, அந்த ஊசி அழுத்தும் எடையை அளக்கும் சின்னத் தராசு, நடந்தால் அதிராத மேசை மூன்றும் அவசியமான துணைப்பொருள்கள்தான். ஊசி இசைத்தட்டைத் தொட்டுப் படிக்கிறது, தூசியும் அதிர்வும் நேராக ஒலிக்குள் போகும். எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறது பாருங்கள்.

பவர் கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நண்பரிடம் தாளைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "என் சிஸ்டத்துல பாக்கலாம், வாங்க" என்றார். இந்த முறை காசைச் சுண்டியது நான். பத்தில் ஆறு வந்தது. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார்டை எடுத்து மறுபடி ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். "பாக்க நல்லா இருக்கு, இருக்கட்டும்" என்றார். அடுத்து வாங்கலாம் என்று குறித்து வைத்திருந்த ஸ்பீக்கர் கேபிளைப் பட்டியலில் இருந்து அடித்துவிட்டு, அந்தப் பணத்துக்குத் தரையில் போட என்ன கிடைக்கும் என்று கேட்டார். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து அவர் சோஃபாவைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்திப் போட்டோம்.